ஆறு பன்னிரண்டுக்கு வருகிற ஒன்று

அநேகமாகத் தினமும் காலை ஆறு மணி பன்னிரண்டு நிமிடத்தையொட்டி அது வந்தது. ஆறு பதின்மூன்றுக்குப் போய்விட்டது. கதவு திறந்த சத்தம் இல்லை, செருப்பைக் கழற்றிய சத்தம் இல்லை. ஃபிசாவின் அலுவலகம் அனுப்பிய பட்டியலில் மட்டும் ஒன்பதாவது வரியாக உட்கார்ந்திருந்தது.

என்ன பட்டியல், யார் ஃபிசா என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

மயிலாப்பூரில் கச்சேரி ரோட்டிலிருந்து பிரிந்து கடல் பக்கமாகப் போகிற ஒரு சந்தில், இரண்டே குடித்தனம் உள்ள பழைய மாடி வீடு. கீழ்வீட்டில் சர்தார் பாய் குடும்பம். அவருக்குப் பாண்டி பஜாரில் குடையும் பையும் விற்கிற கடை. காலையில் போனால் இரவுதான் வருவார். மனைவி அஸ்மத்துன்னிசா. மகள் ஃபிசாவுக்கு இருபத்தாறு வயது. அவள் தம்பி வாஜித் ஏசி மெக்கானிக். அமெரிக்காவில் யாருக்கோ முழங்காலில் ஆபரேஷன் நடந்தால், அந்த டாக்டர் எழுதியதைப் படித்து, இன்சூரன்ஸுக்கான எண்களாக மாற்றித் தருவது ஃபிசாவின் வேலை. மூன்று வருடமாக வீட்டிலிருந்தேதான் பார்க்கிறாள்.

அந்த வேலைக்குத்தான் ஆபத்து வந்தது. கம்பெனி ஐதராபாத்துக்கு இடம் மாறுகிறது. எல்லோரும் அங்கே வந்துவிட வேண்டும். வீட்டிலிருந்தே பார்க்கிறேன் என்கிறவர்கள் ஒரு சோதனையில் தேற வேண்டும்: நோயாளிகளின் விவரம் ஓடுகிற வைஃபை அல்லவா, அதில் ஒட்டியிருக்கிற ஒவ்வொரு சாதனமும் என்ன, யாருடையது, எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டும். ஒன்றுக்குப் பதில் இல்லாவிட்டாலும் ஒன்றாம் தேதி ஐதராபாத் ரயில். ஒரு வாரக் கணக்கைக் கம்பெனியே எடுத்து அனுப்பிவிட்டதால், இனிமேல் பாஸ்வேர்டை மாற்றி அதைத் துரத்திவிட்டாலும் பிரயோசனமில்லை. வந்தது வந்ததுதான். வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்கு வீடியோவில் அதிகாரி பேசுவார்.

ஐதராபாத் நல்ல ஊர்தான். ஆனால் ஐதராபாத்தில் ரெனிட்டா இல்லையே!

ரெனிட்டா மாடிவீட்டுப் பெண். அவளும் ஃபிசாவும் எட்டு வருடமாகக் கேரம் டபுள்ஸ் ஜோடி. ராயப்பேட்டை கிளப்பில் அவர்கள் எதிரெதிரே உட்கார்ந்தால் பெரிய பெரிய ஆட்கள்கூட எழுந்து வந்து நின்று பார்ப்பார்கள். ஃபிசா காயைக் குழி வாசலில் கொண்டுவந்து நிறுத்தினால் ரெனிட்டா உள்ளே தள்ளுவாள்; கண்ணால்கூடப் பேசிக்கொள்ள மாட்டார்கள். இந்த வருடம்தான் முதல்முறையாக மாநிலப் போட்டிக்குத் தேர்வாகியிருந்தார்கள். இன்னும் ஆறு வாரம். தினமும் மாலை மூன்று மணி நேரம் ஆடினால்தான் கை வரும். ஃபிசா ஐதராபாத் போனால் ஜோடி போயிற்று.

"நீ அந்த ஒன்பதாவதக் கண்டுபிடி மச்சி. இல்லன்னா நான் யார்கூட ஆடறது? எங்கப்பா கூடவா?" என்று செவ்வாய்க்கிழமை மாலை ரெனிட்டா மாடிப்படியில் உட்கார்ந்து கத்தினாள்.

பட்டியலில் எட்டு வரிகள் தெரிந்தவைதான். நான்கு பேரின் போன்கள் நான்கு. ஆபீஸ் லேப்டாப், டி.வி., வாஜித்தின் டேப்லெட். எட்டாவது, கூடத்து ஏசி. போனிலேயே ஆன் ஆஃப் பண்ணலாம் என்று வாஜித் பெருமையாக மாட்டியது. இன்றுவரை எல்லோரும் எழுந்துபோய் ரிமோட்டைத் தேடித்தான் போடுகிறார்கள். ஒன்பதாவதற்குப் பெயரே கிடையாது. எழுத்தும் எண்ணுமாக ஒரு நீளமான சரடு. அதில் முதல் பாதியைப் பார்த்தால் எந்தக் கம்பெனி செய்தது என்று தெரியும் என்றான் வாஜித். பார்த்தான். ஏதோ ஒரு சீனக் கம்பெனி, சின்னச் சின்னச் சில்லு மட்டும் செய்கிற கம்பெனி.

"அது எதுல வேணா இருக்கும்க்கா. பல்பு, ஃபேனு, காலிங் பெல்லு, கேமரா..."

கேமரா என்றதும் அஸ்மத்துன்னிசா முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். "யா அல்லா! எவனோ நம்ம வூட்டுக்குள்ள கேமரா வெச்சிட்டானா? நான்தான் அப்பவே சொன்னேன், அந்த டிஷ்காரன் மூஞ்சியே சரியில்லன்னு!"

"டிஷ்காரன் வந்து நாலு வருஷமாச்சு அம்மி" என்றாள் ஃபிசா அம்மாவிடம்.

"நாலு வருஷமா பார்த்துக்கினு இருக்கான்னு சொல்லு!"

புதன்கிழமை காலை ஆறு மணிக்கே மூன்று பேரும் காவலுக்கு நின்றார்கள். ஃபிசா கூடத்தில் லேப்டாப்பைத் திறந்து வைத்து, பட்டியலை ஓடவிட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். வாஜித் வாசல்கேட்டில். அம்மா பின்பக்கத்தில் தண்ணீர் மோட்டார் ஸ்விட்ச் பக்கத்தில். ஆறு பதினொன்றுக்கு வழக்கம்போல் அவள் மோட்டாரைப் போட்டாள். ஆறு பன்னிரண்டுக்கு ஒன்பதாவது வரி பளிச்சென்று முளைத்தது.

"வந்துடுச்சு!" என்று ஃபிசா கத்தவும், வாசலில் பால் பாக்கெட் போட வந்த சுப்புராயன் திடுக்கிட்டு நிற்கவும் சரியாக இருந்தது. வாஜித் அவர் சைக்கிள் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டான்.

"தலைவரே, போனைக் காட்டு."

"இன்னாத்துக்கு நைனா?"

"காட்டு, சொல்றேன்."

சுப்புராயன் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பட்டன் போன். மூன்று பட்டன்களில் எண் தேய்ந்து போயிருந்தது. பின்மூடியை ரப்பர் பேண்ட் பிடித்துக்கொண்டிருந்தது.

"இதுல வைஃபை எடுக்குமா?" என்று அஸ்மத்துன்னிசா பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இதுல பேச்சே பாதிதான் எடுக்குது தாயி. வைஃபை எடுத்துச்சின்னா நீயே வெச்சுக்க, எனக்கு வேற வாங்கிக் குடு" என்றார் சுப்புராயன். போனைத் திருப்பி வாங்கிக்கொண்டு, பாக்கெட் இரண்டையும் வாஜித் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார். அன்றைக்கு முழுக்க அந்தத் தெருவில் எந்த வீட்டில் பால் போட்டாலும், "என் போனு ரொம்ப ஆபத்தானதுன்னு சந்துல பேசிக்கிறாங்க" என்று சொல்லிக்கொண்டே போட்டாராம்.

அப்படியானால் மோட்டார்தான் என்றான் வாஜித். அம்மா ஸ்விட்சைத் தட்டினாள், அடுத்த நிமிடம் அது வந்தது. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? கவரைக் கழற்றிப் பார்த்தான். உள்ளே கெப்பாசிட்டரும் ஒரு பல்லியும்தான் இருந்தன. இருந்தாலும் வியாழக்கிழமை காலை சோதித்துப் பார்த்தார்கள். மோட்டார் போடவில்லை. டி.வி., ஏசி எல்லாவற்றின் ஸ்விட்சையும் அணைத்துவிட்டு, நான்கு போன்களையும் சாப்பாட்டு மேஜையில் வரிசையாக வைத்துவிட்டு, யாரும் மூச்சுகூட விடாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஆறு பன்னிரண்டு. வந்தது. ஆறு பதின்மூன்று. போனது. மேல்தொட்டியில் மட்டும் தண்ணீர் இல்லாமல் போயிற்று.

அதிகாலை ஃபஜ்ர் தொழுகை முடித்து உள்ளே வந்த சர்தார் பாய், மனைவியும் பிள்ளைகளும் மேஜையைச் சுற்றிப் போன்களை வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. தானே போய் டீ போட்டுக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டார். நல்ல மனிதர்.

மணி பன்னிரண்டாகியும் ஃபிசா சாப்பிட எழுந்திருக்கவில்லை. அஸ்மத்துன்னிசா கீழே உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டு, கண்ணுக்குத் தெரியாத அந்தத் திருடனைத் திட்டிக்கொண்டே இருந்தாள். "எவன் வூட்டுக் கரண்டு, எவன் வூட்டு நெட்டு, நோகாம ஒட்டிக்கினு... கையில கிடைச்சான்னா..."

"அம்மி, கொஞ்சம் சும்மா இரேன்."

ஃபிசா பட்டியலையும் அதற்குப் பிறகு தானே பார்த்த கணக்கையும் ஒரு காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதினாள். கண்ணுக்குப் பழகிய திரையை விட்டுக் கைக்குப் பழகிய காகிதத்துக்கு வந்ததும்தான் அது தெரிந்தது. போன வெள்ளி, ஆறு பதினொன்று. சனி, ஆறு பதினான்கு. திங்கள், செவ்வாய், புதன், ஆறு பன்னிரண்டு. ஆனால் ஞாயிறு? ஞாயிறு காலை எதுவுமே இல்லை. மதியம் ஒன்று ஐம்பதுக்கு ஒருமுறை. ஒன்று ஐம்பத்தொன்றுக்கு ஒருமுறை. ஒன்று ஐம்பத்துமூன்றுக்கு இன்னொருமுறை.

"வாஜித், இங்க வா. வெள்ளிக்கிழம நம்ம வீட்ல என்ன மாறும்?"

"அப்பா மதியம் கடையச் சாத்திட்டு ஜும்மாவுக்கு வருவாரு. நீ பிரியாணி கேட்டு உயிர வாங்குவ."

"ஞாயித்துக்கிழம?"

"ஒண்ணும் மாறாது. எனக்குத்தான் அன்னிக்கு ஏசி வேலை ஜாஸ்தி."

"இது வெள்ளிக்கிழம அசையவே இல்ல, பார். ஞாயித்துக்கிழமதான் மாறுது. காலைல ஆறு மணிக்கு இது வீட்லயே இல்ல." ஃபிசா பேனாவைக் கீழே வைத்தாள். "டேய், இது பூசைக்குப் போகுதுடா!"

வாஜித் கூரையைப் பார்த்தான். மேலே மாடிவீட்டில் லூயிஸ் மாஸ்டர் நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது. பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், ரெனிட்டாவின் அப்பா. அவரும் அவர் மனைவி மர்சலினும் சர்ச்சில் ஞாயிறு காலை முதல் பூசையைத் தவற விட்டதே கிடையாது.

"மாடிவூடா? அவங்களுக்குத் தனி லைன் கீதேக்கா. நம்ம பாஸ்வேர்டு அவங்களுக்கு எப்படித் தெரியும்? நான்தான் யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு ஆர்டர் போட்டு..."

வாஜித் பேச்சை நிறுத்தினான். கூடத்தில் ஏதோ குறைந்ததுபோல் இருந்தது. திட்டுகிற சத்தம் நின்றுபோயிருந்தது. அஸ்மத்துன்னிசா ஒரே ஒரு முருங்கைக் காம்பை எடுத்து வெகு கவனமாக, ஒவ்வொரு இலையாக ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அம்மி?"

"இன்னா?"

"அம்மி, என்னைப் பாரு."

"கீரை வாடிடும்மா."

"அம்மி!"

அஸ்மத்துன்னிசா முறத்தை நகர்த்தி வைத்தாள். "ஒரே ஒரு நாளைக்குத்தான் குடுத்தேன்" என்றாள்.

சிரிக்காதீர்கள், அவள் பக்கமும் கேளுங்கள். ஐப்பசி மழையில் சந்தைத் தோண்டிப் போட்டபோது மாடிவீட்டு நெட் ஒயர் அறுந்துபோய்விட்டது. தோஹாவில் வேலை பார்க்கிற அவர்கள் மகன் ஸ்டீவ் அப்போதுதான் லீவில் வந்திருந்தான். அன்றைக்கு மர்சலின் ஒரு தூக்கில் வஞ்சிர மீன் குழம்பு கொடுத்தனுப்பினாள். தூக்கைக் காலியாகத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் இந்த இரண்டு வீட்டுக்கும் கிடையாது. ஒன்றுமில்லாவிட்டாலும் ஒரு கரண்டி சர்க்கரையாவது போட்டுத்தான் அனுப்புவார்கள். அன்றைக்கென்று கீழ்வீட்டில் கேஸ் தீர்ந்திருந்தது. சர்க்கரை டப்பாவும் துடைத்து வைத்தாற்போல் இருந்தது. வெளியே கொட்டுகிற மழை. கழுவித் துடைத்த தூக்கைக் கையில் வைத்துக்கொண்டு அஸ்மத்துன்னிசா கூடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கொடுப்பதற்கு வீட்டில் என்ன இருக்கிறது? சுவரில் வைஃபை பெட்டி பச்சை பச்சையாகக் கண்ணைச் சிமிட்டியது.

"மேல நெட்டு இல்லாம அந்தப் புள்ள தவிக்குதேன்னு... பொட்டி பின்னால ஒட்டியிருக்குல்ல, அதப் பார்த்து ஒரு சீட்டுல எழுதி, மடிச்சுத் தூக்குல போட்டுக் குடுத்துட்டேன்."

"பாஸ்வேர்டையா?"

"வெறும் தூக்கை எப்படிடீ குடுக்கறது?"

வாஜித் தலையில் கை வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"ஒரு கப்பு சக்கரை குடுத்தா ரெண்டு நாள்ல தீர்ந்துபோவும்ல? அது மாதிரி இதுவும் தீர்ந்துடும்னு நெனச்சேன். நாலு மாசமா ஓடிக்கினு இருக்கும்னு எனக்கு இன்னா தெரியும்?" அவள் முறத்தை மறுபடி தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "உன் வேலைக்கு நானே உலை வெச்சிட்டேனாடீ?"

ஃபிசாவுக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் இரண்டு நாளாக ஊரில் உள்ள அத்தனை பேரையும் திட்டித் தீர்த்த அம்மாவின் முகத்தைப் பார்க்கப் பார்க்கச் சிரிப்புதான் வந்தது. சிரித்துக்கொண்டே எழுந்து துப்பட்டாவைத் தோளில் போட்டாள். "வா அம்மி, மாடிக்குப் போலாம். இன்னும் என்னான்னு கண்டுபிடிக்கல."

மாடியில் மூன்று பேருக்கும் கதவைத் திறந்த மர்சலினுக்கு முதலில் ஒன்றுமே புரியவில்லை. "எங்க போனெல்லாம் எங்க லைன்லதானே இருக்கு? ஸ்டீவ் இருந்தப்ப ரெண்டு நாள் உங்களுத யூஸ் பண்ணோம், அதோட சரி."

"தினம் காலைல ஆறு பன்னெண்டுக்கு ஏதாவது பண்றீங்களா ஆன்ட்டி? ஒரு நிமிஷம் மட்டும்?"

மர்சலின் மெதுவாகத் திரும்பித் தன் கணவரைப் பார்த்தாள். லூயிஸ் மாஸ்டர் மெதுவாகத் திரும்பி ஜன்னலைப் பார்த்தார்.

"சொல்லுங்களேன்" என்றாள் மர்சலின்.

"இன்னாத்த சொல்ல?"

மர்சலின் படுக்கையறைக்குள் போய், கட்டிலுக்கு அடியில் காலை விட்டு எதையோ வெளியே தள்ளினாள். கறுப்புக் கண்ணாடி போட்ட, சதுரமான, எடை பார்க்கிற மிஷின்.

முழங்கால் வலிக்குப் பத்து கிலோ குறைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்காக ஸ்டீவ் வாங்கி வந்தது. மாஸ்டர் தினமும் காலையில் காப்பிக்கு முன்னால் அதன்மேல் ஏறி நிற்பார்; நின்ற மறுநிமிடம் எண் தோஹாவில் ஸ்டீவின் போனுக்குப் போய்விடும். ஏறினால் விழித்துக்கொள்ளும், இறங்கினால் தூங்கிவிடும். மழை நாளில் கீழ்வீட்டு நெட்டில் அதைப் பழக்கியிருந்தான் ஸ்டீவ். பிறகு மாற்றிக்கொடுக்க ஆளில்லை. அது பாட்டுக்குப் பழைய நன்றி மறக்காமல் தினமும் கீழே போய் வந்திருக்கிறது.

"சரி அங்கிள், ஞாயித்துக்கிழம மத்தியானம் மூணு தடவ?"

"ஞாயித்துக்கிழம ரெஸ்ட்டுன்னு சொன்னீங்களே! ஏறினீங்களா?" என்றாள் மர்சலின்.

"பிரியாணிக்கு அப்புறம் சும்மா ஏறிப் பார்த்தேன். மிஷின் தப்பாக் காட்டுச்சு. திரும்ப ஏறினேன். திரும்பவும் தப்பாக் காட்டுச்சு."

"மூணாவது தடவ?"

"மிஷின் ரிப்பேர்னு கன்ஃபர்ம் ஆயிடுச்சு" என்றார் மாஸ்டர்.

மணி இரண்டரை. வாஜித் சட்டென்று குனிந்து மிஷினைத் தூக்கிக்கொண்டான். "அக்கா, ரொம்ப சிம்பிள். இதைக் கீழ எடுத்துனு போயி நம்ம பாத்ரூம் வாசல்ல வெச்சுடலாம். நம்மதுன்னு சொல்லிடு. இன்னா தெரியப் போவுது?"

எல்லோரும் ஃபிசாவைப் பார்த்தார்கள். சொல்லிவிடலாம்தான். ஒரே ஒரு வார்த்தை. ஆனால் சோதனைத் தாளின் அடியில் அவள் கையெழுத்துப் போட வேண்டும்.

"வேணாம்டா. கேரம்லகூட காய் நகர்ந்துச்சுன்னா நானே ஃபவுல் சொல்லிடுவேன். இதுல மட்டும் எப்படிடா? கீழ வை."

வாஜித் கீழே வைத்தான். லேப்டாப்பும் வைஃபை பெட்டியும் தன் பொறுப்பு என்று கீழே கூடத்துக்கு ஓடினான். அதிகாரி வீட்டு வைஃபையைப் பார்ப்பது அந்த லேப்டாப் வழியாகத்தான்.

மூன்று மணிக்கு, வைஃபையை விட்டு மொபைல் டேட்டாவுக்கு மாற்றியிருந்த ஃபிசாவின் போனில் அதிகாரியின் முகம் வந்தது. சிதம்பரநாதன் என்று பெயர். சட்டைக்காலரில் பட்டன் போட்டு, நெற்றியில் சின்னதாகத் திருநீறு இட்டிருந்தார். முதல் எட்டையும் டிக் அடித்தார். ஒன்பதாவதுக்கு வந்ததும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"இது என்ன சாதனம்மா?"

"எடை பார்க்கிற மிஷின் சார்."

"யாரோடது?"

"மாடிவீட்டு அங்கிளோடது."

கீபோர்டில் தட்டுகிற சத்தம் நின்றது. "வெளியாளா? அப்போ காரணம் போடணும்மா. இங்க நாலுதான் கொடுத்திருக்காங்க. விருந்தாளி, வாடகைக்கு இருக்கிறவர், திருட்டு, மற்றவை. விருந்தாளி இல்ல. வாடகைக்கு..."

"எங்களுக்கு வாடகைக்கு இல்ல சார். ரெண்டு வீட்டுக்காரங்களும் வேற ஒரு ஓனருக்குத்தான் வாடகை குடுக்கறோம்."

"அப்போ அனுமதி இல்லாம உபயோகிச்சதுன்னுதான்மா வருது. திருட்டுன்னு போட்டா உங்க மேல தப்பில்ல. அவங்க மேல ஒரு புகார் மட்டும் கொடுத்துட்டீங்கன்னா உங்க வேலைக்கு ஒண்ணும்..."

ஃபிசா வாயைத் திறப்பதற்குள் அஸ்மத்துன்னிசா போனைப் பிடுங்கித் தன் முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டாள். அதிகாரிக்கு அவள் மூக்குத்தியும் ஒரு கண்ணும் மட்டும் தெரிந்திருக்கும்.

"திருட்டுன்னு மட்டும் போட்டுடாதீங்க சார்! நான் என் கையால குடுத்தது. மீன் குழம்பு வந்த தூக்குல போட்டுக் குடுத்தேன். வூட்ல சக்கரை இல்ல. தப்பு என்னுது. புள்ளைய இங்கயே வுடுங்க, வேணும்னா என்னை ஐதராபாத்துக்கு அனுப்புங்க!"

சிதம்பரநாதன் கீபோர்டிலிருந்து கையை எடுத்தார். "சக்கரை இல்லன்னு... பாஸ்வேர்டா?"

"வெறும் தூக்கு குடுப்பீங்களா சார் உங்க வூட்ல?"

"எங்க அம்மா கொடுக்க மாட்டாங்க" என்றார் அவர். இருமினார். மறுபடி அதிகாரி ஆனார். "மற்றவைன்னு போடறேன். போட்டா ரெண்டு விஷயம் நான் கண்ணால பார்க்கணும். சாதனத்தோட ஓனரே வந்து இயக்கணும், அது என் லிஸ்ட்ல வரணும். அப்புறம் நீங்க பாஸ்வேர்டை மாத்தணும். திரும்ப இயக்கினா அது வரக்கூடாது. வந்தா ஃபெயில்."

எல்லோரும் மாஸ்டரைப் பார்த்தார்கள்.

"நானா? கேமரா முன்னாடியா?" மாஸ்டர் இரண்டடி பின்வாங்கினார். "முப்பது வருஷம் பசங்கள கிரவுண்ட்ல ஓட வெச்சவன் நான். அந்த ஆபீஸ்ல எவனாவது என் ஸ்டூடண்ட்டா இருந்தான்னா? அஸ்மத்தம்மா ஏறட்டுமே."

"நான் ஏற மாட்டேம்பா!"

"இப்பதான் ஐதராபாத்துக்கே போறேன்னீங்க?"

"ஐதராபாத் போவேன். அதுமேல ஏற மாட்டேன்."

"அங்கிள்" என்றாள் ஃபிசா. எட்டு வருடம் அவர் மகளுக்கு எதிரே உட்கார்ந்து ஆடியவள். அவரும் எத்தனையோ மாலைகளில் பக்கத்தில் நின்று பலகையில் பவுடர் தட்டிக் கொடுத்தவர்.

லூயிஸ் மாஸ்டர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். மூச்சை உள்ளே இழுத்தார். வயிறும் கூடவே உள்ளே போனது. கொடியேற்றத்துக்கு நிற்கிறாற்போல் விறைப்பாக மிஷின்மேல் ஏறி, "இது என்னுதுதான் சார்" என்றார். காலடியில் சிவப்பு எண்கள் ஓடி நின்றன. தொண்ணூற்றொன்று புள்ளி நான்கு.

"வந்துச்சுக்கா!" என்று கீழே மாடிப்படியடியிலிருந்து வாஜித் கத்தினான்.

"எனக்கும் வந்துடுச்சு. அதே நம்பர்தான்" என்றார் சிதம்பரநாதன். "இப்ப மாத்துங்க."

"வாஜித், மாத்து!"

அந்த இரண்டு நிமிடம் இருக்கிறதே, அது இரண்டு நிமிடமா என்ன! கீழே வாஜித் தட்டிக்கொண்டிருந்தான். பெட்டி அணைந்து எரிய வேண்டும், லேப்டாப் புதுப் பாஸ்வேர்டில் மறுபடி ஏற வேண்டும். மர்சலின் ஜெபமாலையை எடுத்துவிட்டாள். அஸ்மத்துன்னிசாவின் உதடுகள் தமக்குத் தாமே அசைந்துகொண்டிருந்தன. மாஸ்டர் யாரும் பார்க்காதபோது கைக்கடிகாரத்தையும் பர்ஸையும் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"ஆச்சு! ஏறச் சொல்லு!"

மாஸ்டர் ஏறினார். எண்கள் ஓடின. ஃபிசா போனில் அந்த முகத்தையே பார்த்தாள். சிதம்பரநாதன் தன் திரையைப் பார்த்தார். இன்னும் கிட்டே போய்ப் பார்த்தார். மேலிருந்து கீழே ஒரு விரலை ஓட்டினார்.

"லேப்டாப் மட்டும்தான்" என்றார். "வேற எதுவும் இல்ல. ஒன்பதாவது வரல."

"முந்நூறு கிராம் குறைஞ்சிருக்கு!" என்று மாஸ்டர் கத்தினார்.

"மற்றவை. காரணம்..." என்று தனக்குள் சொல்லிக்கொண்டே தட்டினார் அதிகாரி. "பாத்திரம்... திருப்பித் தந்தபோது... குடும்பத்தார் தவறுதலாக அளித்தது. சரி செய்யப்பட்டது." நிமிர்ந்தார். "முடிஞ்சதும்மா. நீங்க அங்கயே இருந்து வேலை பாருங்க. மெயில் அனுப்பிடறேன்." போனை வைக்கப் போனவர் தயங்கினார். "அந்த சாரைக் கொஞ்சம் காட்டுங்க. சார், அது எந்த மிஷின்? எனக்கும் ஒண்ணு வேணும். நான் தொண்ணூத்தி மூணு."

"வாங்குங்க சார், ரொம்ப நல்ல மிஷின்" என்றார் மாஸ்டர், இப்போது வயிற்றைத் தாராளமாக வெளியே விட்டு.

அந்த வீட்டில் அதற்குப் பிறகு எழுந்த சத்தத்தை எழுத்தில் எப்படிக் கொண்டுவருவது என்று எனக்குத் தெரியவில்லை. மர்சலின் அஸ்மத்துன்னிசாவைக் கட்டிக்கொண்டாள். வாஜித் இரண்டிரண்டு படியாக ஏறி வந்து, "புதுப் பாஸ்வேர்டு இன்னான்னா..." என்று ஆரம்பித்தான். அஸ்மத்துன்னிசா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"எனக்குச் சொல்லாத! சொன்னா குடுத்துடுவேன்!"

லூயிஸ் மாஸ்டர் மட்டும் மிஷின் பக்கத்திலேயே நின்று எதையோ யோசித்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் மெல்ல மெல்ல ஒரு வெளிச்சம் பரவியது. "அப்படின்னா மர்சி, இனிமே நான் ஏறினா ஸ்டீவுக்குப் போகாதா?"

"போகாது. ராத்திரி நம்ம லைன்ல போட்டுடச் சொல்றேன் வாஜித்தை."

"அவனுக்கு ஏசி வேலை ஜாஸ்தி. பாவம், அவசரப்படுத்தாத" என்றார் மாஸ்டர். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள்தான் இருந்தது.

ஃபிசாவின் போன் அடித்தது. ரெனிட்டா. தி.நகர் வங்கிக் கிளையில் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, மூன்று மணியிலிருந்து ஒரு காகிதத்தைக்கூடப் புரட்டாமல் காத்திருந்திருக்கிறாள்.

"மச்சி, ஒரே வார்த்தைல சொல்லு. இருக்கியா, போறியா?"

"இருக்கேன்டீ."

மறுமுனையில் ஒரு கூச்சல். அதைத் தொடர்ந்து ஏதோ ஸ்டாண்டு சரிந்து விழுகிற சத்தம். "மேடம், என்னாச்சு?" என்று யாரோ கேட்பதும், "ஒண்ணுமில்ல சார், என் பார்ட்னர் இருக்கா!" என்று ரெனிட்டா பதில் சொல்வதும் கேட்டது. பிறகு அவள் குரல் கிட்டே வந்தது.

"எது அது, அந்த ஒன்பதாவது? சொல்லு சொல்லு."

ஃபிசா மாஸ்டரைப் பார்த்தாள். மாஸ்டர் இரண்டு கையையும் கூப்பினார்.

"கிளப்புல சொல்றேன். ஆறரைக்கு வந்துடு."

"ஆறுக்கே வரேன்" என்றாள் ரெனிட்டா. "ஸ்ட்ரைக்கரைத் தொடச்சு வை."